வண்டி வைத்தியம்: காலையில் சமர்த்து, கயத்தாறில் முரண்டு

காலை ஆறரை மணிக்குச் சாவியைத் திருப்பினால் ஒரே சுற்றில் ஸ்டார்ட் ஆகிவிடும். கோவில்பட்டி ஊருக்குள்ளிருந்து கிளம்பி, நான்கு வழிச்சாலையில் ஏறி, கயத்தாறு வரும்வரை வண்டியைப் பற்றிப் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. அங்கே டீக்கடை ஓரமாக நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து மறுபடி சாவியைத் திருப்பும்போதுதான் வினை. செல்ஃப் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். இன்ஜின் பிடிக்காது. பானெட்டைத் திறந்துவைத்து முக்கால் மணி நேரம் காத்திருந்தால், ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பிவிடும். பின்னால் மட்டும் குப்பென்று கறுப்புப் புகை.

2004-ல் வாங்கிய சின்ன கார் அது. உரிமையாளர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அவர் மனைவிக்குப் பக்கவாதம் வந்து, இடது கையும் காலும் தளர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. வாரம் இரண்டு நாள் பாளையங்கோட்டைக்குப் பிசியோதெரபிக்குக் கூட்டிப்போக வேண்டும். பஸ் படி ஏற அவரால் முடியாது. வாடகைக் கார் பிடித்தால் ஒரு நடைக்கு 2,000 ரூபாய்க்குக் குறையாது. மாதத்துக்கு எட்டு நடை. பென்ஷனை வைத்துப் போட்டுப் பார்த்தால், கணக்கு வாத்தியாருக்கே கணக்கு உதைத்தது.

"இருபது வருஷ வண்டிப்பா. பேசாம பேரீச்சம்பழத்துக்குப் போட்டுட்டு வேற பாருங்க" என்று பெங்களூரிலிருந்து மகன் போனில் சொல்லிக்கொண்டே இருந்தான். சொல்வது சுலபம். வண்டியின் பதிவை 2024-ல்தான் இரண்டாம் முறையாகப் புதுப்பித்திருந்தார். பாடியில் துரு கிடையாது. தைத்த சீட் கவர்கூடக் கிழியவில்லை. அதைவிட, சீட்டின் உயரம் மனைவிக்குப் பழகியிருந்தது. எந்த இடத்தில் கையை ஊன்றி, எப்படிக் காலை உள்ளே எடுத்து வைக்க வேண்டும் என்று அந்த ஒரு வண்டியில்தான் அவருக்குத் தெரியும்.

நாலு மாதத்தில் மூன்று ஒர்க்‌ஷாப் ஏறி இறங்கியாயிற்று. முதலாமவர் ஸ்பார்க் பிளக்கையும் பெட்ரோல் ஃபில்டரையும் மாற்றினார். இரண்டாமவர் டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப்பை மாற்றினார். மூன்றாமவர் இன்ஜெக்டர்களைக் கழற்றிக் கழுவினார். ஸ்கேனரையும் மாட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு ஃபால்ட்டும் காட்டலை சார்" என்றார். மொத்தம் 14,500 ரூபாய். கயத்தாறில் வண்டி நின்றது நின்றபடி.

சந்தேகப்பட்டதை எல்லாம் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதற்கு ஒர்க்‌ஷாப் பாஷையில் 'போட்டுப் பாப்போம்' என்று பெயர். யார் காசில் என்பது மட்டும் அந்த வாக்கியத்தில் விட்டுப்போயிருக்கும்.

நடுரோட்டில் கிடைத்த வைத்தியங்களும் உண்டு. "ஏர் லாக்கா இருக்கும், ஈரத் துணியைப் போட்டுவைங்க" என்று ஒரு லாரிக்காரர் நிஜமான அக்கறையோடு சொன்னார். கார்புரேட்டர் காலத்து நல்ல வைத்தியம்தான் அது. அந்தக் காலத்தில் பெட்ரோல் பம்ப் இன்ஜினோடு ஒட்டி இருக்கும். சூட்டில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைத்துக்கொள்ளும். இந்த வண்டியிலோ பம்ப் பின்னால், டேங்குக்குள், பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கிறது. முன்னால் நனைத்த துணியால் பின்னால் இருக்கும் பம்ப்புக்கு என்ன ஆகப்போகிறது?

இன்ஜினுக்குள் ஒரு கணக்குப்பிள்ளை

இந்தியச் சாலைகளில் கார்புரேட்டர் ஒழிந்ததற்குப் புகைதான் முதல் காரணம். டெல்லிக் காற்று மாசு வழக்கில் 1999-ல் உச்ச நீதிமன்றம் புதிய கார்களுக்குக் கடுமையான புகை அளவைக் கட்டாயமாக்க, கம்பெனிகள் வேகவேகமாக எம்.பி.எஃப்.ஐ.க்கு மாறின. 2000-ஐ ஒட்டி மாருதி 800-கூட கார்புரேட்டரை விட்டு இன்ஜெக்டருக்கு வந்தது. திருகாணியைத் திருகி, காதால் கேட்டு டியூனிங் செய்த ஒரு தலைமுறை மெக்கானிக்குகள் கையைப் பிசைந்துகொண்டு நின்றது அப்போதுதான்.

எம்.பி.எஃப்.ஐ.யின் வேலை உண்மையில் ரொம்ப எளிமை. பம்ப், பெட்ரோலைச் சுமார் 3 பார் அழுத்தத்தில் முன்னால் அனுப்பும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஓர் இன்ஜெக்டர். குழாய்த் தண்ணீரைத் திறந்து மூடுவதுபோல அது திறந்து மூடும். சூடான இன்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது ஒரு தடவைக்கு 2, 3 மில்லி செகண்டுதான் திறந்திருக்கும். எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்று முடிவு செய்வது இ.சி.எம். என்கிற சின்னக் கம்ப்யூட்டர்.

அந்தக் கணக்குப்பிள்ளைக்குக் கண் கிடையாது. சென்சார்கள் சொல்வதைக் கேட்டுத்தான் கணக்குப் போடும். காற்று எவ்வளவு வருகிறது, ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறது, புகையில் எவ்வளவு ஆக்ஸிஜன் மிச்சம், இன்ஜின் எவ்வளவு சூடு.

கடைசியில் சொன்ன சூடுதான் இந்தக் கதைக்கு வேண்டியது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோல் சரியாக ஆவியாகாது. பாதி, சுவரில் ஈரமாக ஒட்டிக்கொள்ளும். அதனால் கூடுதலாக ஊற்ற வேண்டும். பழைய வண்டியில் இதற்குத்தான் சோக் இழுப்பார்கள். எம்.பி.எஃப்.ஐ.யில் சோக்கை இழுக்க ஆள் வேண்டாம். கூலன்ட் தண்ணீரின் வெப்பநிலையைச் சொல்லும் சென்சாரைக் கேட்டு, இ.சி.எம். தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும்.

நாலாவது ஒர்க்‌ஷாப்

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பெயர்ப் பலகைகூட இல்லாத ஷெட். வைத்திருப்பவருக்கு வயது ஐம்பது சொச்சம். வண்டி வந்ததும் பானெட்டைத் திறக்காமல், ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"சொல்லுங்க சார். ஓடிக்கிட்டு இருக்கும்போது நிக்குதா, நிறுத்தினா எடுக்க மாட்டேங்குதா?"

"நிறுத்தினாத்தான் தம்பி. அதுவும் சூடா இருந்தா மட்டும்."

"காலையில?"

"காலையில தங்கமா எடுக்கும்."

"பெட்ரோல் எப்படிக் குடிக்குது?"

வாத்தியார் டேஷ்போர்டைத் திறந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தார். பெட்ரோல் போட்ட தேதி, லிட்டர், கிலோமீட்டர், செய்த வேலை என்று கோடு போட்டு எழுதியது. லிட்டருக்கு 17, 16.5, 17 என்று போய்க்கொண்டிருந்த மைலேஜ், போன வருடம் ஐப்பசியில் 14 ஆகி, தை மாதம் 11-க்கு வந்திருந்தது. மெக்கானிக் பக்கத்தைத் திருப்பி, முன்னால் போய், மறுபடி பின்னால் வந்தார்.

முன் சீட்டில் உட்கார்ந்திருந்த அம்மா அப்போது சொன்னார்: "வண்டியில பெட்ரோல் வாடை குமட்டுது. நானும் சொல்லிக்கிட்டேதான் இருக்கேன். ஒருத்தரும் காதுல வாங்க மாட்டேங்காங்க."

"எப்பம்மா வாடை அடிக்கும்?"

"கயத்தாறுல. அந்தச் செல்ஃபைப் போட்டு அடிக்கும்போது."

மூன்று ஒர்க்‌ஷாப்பில் யாரும் அவரைக் கேட்கவில்லை. வண்டியில் வந்தவர் நோயாளி, அவருக்கு இன்ஜினைப் பற்றி என்ன தெரியும் என்ற எண்ணம்தான். ஆனால் பம்ப் மாற்றிய செலவை அந்த ஒரு வாக்கியமே மிச்சம் பிடித்திருக்கும். பம்ப் பழுதானாலும் ஃபில்டர் அடைத்தாலும் பெட்ரோல் குறைவாகத்தான் வரும். வாடையும் கறுப்புப் புகையும் பெட்ரோல் அதிகம் என்று சொல்கின்றன. நோய் ஒரு திசையில் இருக்க, மருந்து எதிர்த் திசையில் போயிருக்கிறது.

மெக்கானிக் பிளக்குகளைக் கழற்றினார். மாற்றி நாலு மாதம்கூட ஆகாத பிளக், அடுப்பங்கரி பூசியதுபோல இருந்தது. சரியாக எரியும் இன்ஜினில் பிளக் முனை, வறுத்த காப்பிப் பொடியில் பால் கலந்த நிறத்துக்கு வரும். வெளிறிப் போயிருந்தால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். ஆயில் குச்சியை உருவி முகர்ந்தார். அதிலும் பெட்ரோல் வாடை. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலந்துகொண்டிருந்தது. இப்படியே ஓட்டினால் இன்ஜின் தேயும்.

பிறகு வண்டியை அவரே எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய், சூடாக்கி, ஷெட் வாசலில் நிறுத்திப் பத்து நிமிடம் விட்டார். வீட்டிலிருந்து வந்த சோற்றுத் தூக்கைக்கூடத் திறக்கவில்லை. கோளாறு வருவதற்காகக் காத்திருப்பதும் வேலையில் சேர்த்திதான். அதற்குத்தான் பல ஒர்க்‌ஷாப்களில் நேரம் கிடைப்பதில்லை. சாவியைத் திருப்பினார். எதிர்பார்த்தபடி, எடுக்கவில்லை. இப்போது ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு மிதித்துப் பிடித்துக்கொண்டு மறுபடி செல்ஃப் அடித்தார். நாலைந்து விநாடியில் உறுமிக்கொண்டு ஸ்டார்ட் ஆனது. பின்னால் கறுப்புப் புகை.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. பல எம்.பி.எஃப்.ஐ. கார்களில், ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தபடி செல்ஃப் அடித்தால், 'உள்ளே பெட்ரோல் வெள்ளம்' என்று புரிந்துகொண்டு இ.சி.எம். இன்ஜெக்டரை நிறுத்திவைக்கும். காற்று மட்டும் போய் உள்ளே இருப்பதைக் காயவைக்கும். பெட்ரோல் மிகுந்துபோனதுதான் காரணம் என்பது அந்த ஒரு மிதியில் உறுதியானது.

மிகுந்ததற்குக் காரணம் என்ன? இன்ஜெக்டர் ஒழுகலாம். பெட்ரோல் லைனில் பிரஷர் கேஜை மாட்டினார். இன்ஜினை நிறுத்திய பிறகும் முள் இறங்காமல் நின்றது. ஒழுகல் இல்லை. அப்படியென்றால் இன்ஜெக்டர் தானாகச் சொட்டவில்லை. ஊற்றச் சொல்லி இ.சி.எம். உத்தரவு போடுகிறது.

வண்டி கம்ப்யூட்டரின் வாயைக் கிளறுவது அடுத்த வேலை. 2010 ஏப்ரலில் பி.எஸ்.-4 வந்ததை ஒட்டித்தான் இந்தியக் கார்களில் ஓ.பி.டி. என்கிற கோளாறு சொல்லும் ஏற்பாடு கட்டாயமாகத் தொடங்கியது. 2013-ல் அதன் இரண்டாம் கட்டம். அதற்கு முந்தைய வண்டிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பாஷை பேசும். அந்தக் காலத்து மாருதிகள் பலவற்றில், செக்கிங் கப்ளரில் இரண்டு முனைகளை ஒரு துண்டு ஒயரால் இணைத்துச் சாவியை ஆன் செய்தால், மீட்டரில் உள்ள இன்ஜின் விளக்கு மின்னி மின்னி எண் சொல்லும். இந்த வண்டியும் அந்த ரகம். விளக்கு ஒரு முறை மின்னி, சற்று நின்று, இரண்டு முறை மின்னியது. 12. அப்படியென்றால் 'எல்லாம் நலம்'. மூன்றாமவரின் ஸ்கேனர் சொன்னதும் இதைத்தான்.

"நலம்னு சொல்லுதே தம்பி?" என்றார் வாத்தியார்.

"ஒயர் அறுந்துபோனா அதுக்குத் தெரியும் சார். நம்புற மாதிரி பொய் சொன்னா தெரியாது."

விஷயம் இதுதான். சென்சார் ஒயர் அறுந்தால், கடுங்குளிர் மாதிரி ஓர் அளவு வரும். ஷார்ட் ஆனால், நடக்கவே முடியாத சூடு மாதிரி வரும். இரண்டையும் இ.சி.எம். சந்தேகப்பட்டு விளக்கைப் போட்டுவிடும். ஆனால் 'இன்ஜின் 24 டிகிரியில் இருக்கிறது' என்று தகவல் வந்தால் அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? மார்கழி விடியலில் எந்த வண்டியும் அப்படித்தானே இருக்கும். ஆகவே இ.சி.எம். சித்திரை வெயிலில் வேர்த்து நிற்பவருக்குக் கம்பளி போர்த்துகிறது. இன்ஜின் சூடானதே தெரியாததால், ஆக்ஸிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும் கட்டத்துக்கும் அது போவதில்லை. மைலேஜ் 11-க்கு விழுந்தது அதனால்தான்.

"டேஷ்போர்டுல டெம்பரேச்சர் முள் சரியா நடுவுலதானே நிக்குது?" வாத்தியாரின் அடுத்த சந்தேகம். நியாயமான சந்தேகம், இரண்டாமவர் அந்த முள்ளைப் பார்த்துத்தான் சூட்டுப் பிரச்னை இல்லை என்று ஒதுக்கியிருந்தார். பல பழைய கார்களில் முள்ளுக்கு ஒரு சென்சார், இ.சி.எம்.முக்கு ஒரு சென்சார் என்று தனித்தனியாக இருக்கும். ஒன்று உண்மை பேசுவதால் மற்றதும் பேசுகிறது என்று சொல்ல முடியாது.

மெக்கானிக் மல்டிமீட்டரை எடுத்தார். கூலன்ட் சென்சாரின் கப்ளரைக் கழற்றி, சூடான இன்ஜினிலேயே சென்சாரின் இரண்டு முனைகளில் வைத்துப் பார்த்தார். சுமார் 310 ஓம். இந்த வகை சென்சார் 20 டிகிரியில் கிட்டத்தட்ட 2,400 ஓம் காட்டும். சூடு ஏற ஏறக் குறைந்து, 80 டிகிரியில் 300-க்குப் பக்கத்தில் வரும். ஆக, சென்சார் நல்ல சென்சார். இந்த இடத்தில் அவசரக்காரர்கள் மீட்டரை மூடிவைத்துவிடுவார்கள்.

அவர் கப்ளரை மறுபடி மாட்டிவிட்டு, டேஷ்போர்டுக்கு அடியில் படுத்து, இ.சி.எம். முனையில் வோல்ட் பார்த்தார். சூடான இன்ஜினில் 1 வோல்ட்டுக்குக் கீழே இருக்க வேண்டியது, 2 வோல்ட்டுக்கு மேலே நின்றது. சென்சார் சொல்லும் உண்மை, போய்ச் சேரும்போது பொய்யாகிவிடுகிறது. இடையில் இருப்பது ஒயர் மட்டும்தான்.

ஆளை விட்டு ஒயரை அங்கங்கே அசைக்கச் சொன்னார். சென்சார் கப்ளருக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்தபோது அசைவில்லை. கப்ளருக்குப் பக்கத்தில் தொட்டதும் மீட்டர் எண் குதித்தது. ரப்பர் மூடியை உரித்தார்கள். உள்ளே செம்பு ஒயர் முழுக்கப் பச்சைக் களிம்பு. இருந்த பதினைந்து இருபது இழையில் இரண்டோ மூன்றோதான் ஒட்டிக்கொண்டிருந்தன. அந்தக் களிம்பு மட்டும் 1,800 ஓம் அளவுக்கு வழிமறித்தது.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு, நோட்டில் முதலில் பார்த்துவைத்த பக்கத்தைக் காட்டினார். புரட்டாசி மாதம்: 'ரேடியேட்டர் ஹோஸ் கசிவு, மாற்றியது.' கசிந்த கூலன்ட், நேராகக் கீழே இருந்த அந்தக் கப்ளருக்குள் இறங்கியிருக்கிறது. ஹோஸை மாற்றியவர் கப்ளரைத் துடைக்கவில்லை. ஐப்பசியில் மைலேஜ் சரியத் தொடங்கிவிட்டது.

கெட்ட ஒயரை நல்ல செம்பு தெரியும்வரை வெட்டி எறிந்து, புதுக் கப்ளர் வைத்து, சால்டர் செய்து, ஸ்லீவ் போட்டார். இ.சி.எம். முனையில் வோல்ட் 0.7-க்கு வந்தது. பெட்ரோல் கலந்த ஆயிலை மாற்றினார். பிளக்குகளைச் சுத்தம் செய்து அவற்றையே மாட்டினார். சைலன்சர் லைனில் உள்ள கேட்டலிடிக் கன்வர்ட்டர் அடைத்திருக்கிறதா என்றும் பார்த்தார். எரியாத பெட்ரோல் அதற்குள் போய் எரிந்தால் உருகிப்போகும், அது மாற்றுவதற்கு விலை கூடிய சாமான். நல்ல வேளையாக ஒன்றும் ஆகவில்லை. கப்ளரும் கூலியும் 650 ரூபாய். ஆயில் தனி.

எல்லா வண்டிக்கும் இதேதானா?

இதைப் படித்துவிட்டு, சூட்டில் எடுக்காத எல்லாக் காருக்கும் கூலன்ட் சென்சார் ஒயரை வெட்டக் கிளம்பினால், அதுவும் 'போட்டுப் பாப்போம்' கணக்கில்தான் சேரும். ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு நேரம், ஒரு நடை உண்டு. சாவியை ஆன் செய்ததும் பின்சீட்டுக்கு அடியில் இரண்டு மூன்று விநாடி 'ஸ்ஸ்ஸ்' என்று பம்ப் சத்தம் கேட்க வேண்டும்; கேட்கவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது பியூஸும் ரிலேயும், பிறகுதான் பம்ப். மேட்டில் இழுக்காமல் திணறினால் பெட்ரோல் போதவில்லை, ஃபில்டர் பக்கம் போகலாம். ஐட்லிங் ஏறி ஏறி இறங்கினால், ஐட்லிங் வால்வில் கரி படிந்திருக்கலாம், அல்லது ஏதோ ஒரு வாக்குவம் ஹோஸ் வெடித்துக் கள்ளக் காற்று போகலாம். இருபது வருட ரப்பர் ஹோஸ், வெயிலில் கிடந்த வடகம் மாதிரிதான் இருக்கும், தொட்டால் நொறுங்கும்.

ஸ்கேனர் வைத்திருக்கும் கடைக்குப் போனால், கோளாறு எண் வருகிறதா என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டாம். லைவ் டேட்டாவைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். கை வைத்தால் சுடுகிற இன்ஜினுக்கு அங்கே 24 டிகிரி என்று போட்டிருந்தால், அதைக் கண்டுபிடிக்க மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை. மூன்றாமவர் அந்த ஒரு பக்கத்தைத் திறந்திருந்தால் அன்றே விஷயம் முடிந்திருக்கும்.

வீட்டில் செய்யக் கூடாதது ஒன்று உண்டு. பெட்ரோல் லைனைக் கழற்றுவது. இன்ஜினை நிறுத்திய பிறகும் அதற்குள் அழுத்தம் இருக்கும்; கழற்றினால் சூடான இன்ஜின் மேலே பீய்ச்சும். யூடியூப் பார்த்துச் செய்கிற வேலை இல்லை அது.

மறு செவ்வாய்க்கிழமை வழக்கம்போல ஆறரைக்குக் கிளம்பினார்கள். கயத்தாறு டீக்கடையில் நிறுத்தினார் வாத்தியார். இன்ஜினை அணைக்க மனம் வரவில்லை. சாவியில் கை வைத்தபடி யோசித்துக்கொண்டிருந்தார். "அணைங்க, என்னதான் ஆகுதுன்னு பாப்போம்" என்றார் மனைவி. அணைத்தார். டீ ஆறும்வரை இருந்தார்கள். சாவியைத் திருப்பினார். ஒரே சுற்று.

அடுத்த டேங்குக்கு நோட்டில் 16.4 என்று எழுதினார். டிக்கியில், பழைய பேப்பரில் சுற்றி, கழற்றிய பெட்ரோல் பம்ப் இன்னும் கிடக்கிறது. அதைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்று மெக்கானிக்கிடம் கேட்டதற்கு அவர் சொன்னார்: "வச்சுக்கங்க சார். அது நல்ல பம்ப்புதான்."